இத்துறையில் மூன்று வருஷம்

1946 ஜூன் 12, புதன்

இன்றும் ஆபீசில் வாய் திறக்காமலே பொழுது போய்விட்டது. தலையை ஆட்டினேன், எழுதினேன், டைப் அடித்தேன். யாரும் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை.

மத்தியானம் கொழும்புக்குத் தந்தி. எங்கள் கம்பெனி நிலாவரை இலை வாங்கி ஏற்றுமதி செய்கிறது. சாத்தான்குளத்துப் பக்கம் வறண்ட காட்டில் விளைகிற இலை, கொழும்பு போய், அங்கிருந்து சீமைக்குப் பேதி மருந்துக்காகப் போகிறது. யுத்தத்தில் படுத்துக்கிடந்த வியாபாரம் இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சி தந்தியில் எதையும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார். விலை ஏறினால் ஒரு காய், இலை நனைந்தால் ஒரு காய், கப்பல் தள்ளிப்போனால் ஒரு காய். அவர் சைவம், காய்கறி என்றால்தான் மனசில் நிற்கும் என்கிறார். முருங்கை, வெண்டை, புடலை என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொடுப்பேன். தந்தி ஆபீஸ் குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் என்னை மேலும் கீழும் பார்ப்பார், கொழும்பில் யாரையோ குழம்பு வைக்கச் சொல்கிறேன் என்பது போல.

எந்தக் காய்க்கு எது அர்த்தம் என்று இங்கே எழுதமாட்டேன். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் மகள் பிலோமி, பள்ளிக்கூடத்து டீச்சர், அடுத்தவர் நோட்டைத் திறப்பதை உரிமையாக நினைக்கிறவள். (பிலோமி, இதைப் படித்தால் மூடி வை.)

ஜூன் 20, வியாழன்

காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிர் முதலாளி ஆபீசுக்கு வந்திருந்தார். அவரும் நிலாவரை ஏற்றுகிறவர். அண்ணாச்சிக்குப் போட்டி. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே கப்பலில் இடம் பிடிக்கிறார்கள், ஒரே கப்பல்காரனைச் சேர்ந்து திட்டுகிறார்கள். போன வாரம் கப்பல்காரனுக்குப் போன கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“அண்ணாச்சி, இந்தக் கடுதாசிய எழுதுனது யாரு? திட்டுன மாதிரியே தெரியல. ஆனா அவனுக்கு வலிச்சிருக்கு. மன்னிப்புக் கேட்டு பதில் போட்டிருக்கான்.”

ஹெட்கிளார்க் சொரிமுத்து சார் பேனாவால் என் பக்கம் காட்டினார். வழக்கமாக அவர்தான் எழுதுவார், நான் டைப் அடிப்பேன். அன்று அவருக்குக் காய்ச்சல். “ரெண்டு சூடு போட்டு எழுது தாயி” என்று அண்ணாச்சி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்த இடத்தில் சூடு என்பதை நானே பார்த்துப் போட்டேன். அன்றைக்கு முழுதும் எனக்குப் பசிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

காதிர் முதலாளி என்னைப் பார்த்து, “எந்த ஊரும்மா?” என்றார். நாசரேத் என்றேன். அது அவர் காதில் விழுந்திருக்காது. சொரிமுத்து சார் திருப்பிச் சொன்னார்.

ஜூன் 22, சனி

ஒரு போஸ்ட் கார்டு. எனக்கு முன்னால் பிலோமி படித்துவிட்டாள், அவள் அம்மா கேட்டுவிட்டாள், மீன் வாங்க வந்தவளுக்கும் தெரிந்துவிட்டது.

காதிர் முதலாளி கம்பெனியிலிருந்து. கடிதப் போக்குவரத்தைப் பார்க்க ஆள் வேண்டும், எழுதுவதற்கு. டைப் அடிக்க வேறு ஆள் உண்டு. நாசரேத்திலிருந்து காயல்பட்டினத்துக்கு ரயில் இருப்பதால் வீட்டிலிருந்தே வந்துபோகலாம். விருப்பமானால் தகப்பனாரோடு வந்து பார்க்கவும்.

“மாதாவே! போயேம்ளா,” என்றாள் பிலோமி. “இங்கன இருந்து என்ன செய்யப்போற? சொரிமுத்து எழுதுனத தட்டிக்கிட்டே கெழவியாவ. நீ பி.ஏ. படிச்சது சீமைக்காரனுக்குப் பேதி குடுக்கவா?”

“அங்க போனாலும் அதே பேதிதான்,” என்றேன்.

“அங்க உங் கையால குடுப்பல்லா.”

ஜூன் 23, ஞாயிறு

கோயிலில் பாட்டுப் பாடும்போதுதான் அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை.

நான் சேர்ந்த அன்று, முதல் வேலையாக சொரிமுத்து சார் ஒரு இங்கிலீஷ் காகிதத்தைத் தந்து தமிழில் எழுதச் சொன்னார். மதராஸிலிருந்து வாங்கி வந்த மாதிரி ஒப்பந்தம். அண்ணாச்சிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், அதனால் அவர் கையெழுத்துப் போடுவது தமிழ்க் காகிதத்தில்தான். அதில் ஒரு ஷரத்து: வேலையை விட்டபின் மூன்று வருஷத்துக்கு, அதே ‘லைனில்’ வேறு யாரிடமும் வேலைக்குச் சேரக்கூடாது.

லைன் என்பதற்கு என்ன போடுவது? அரை நாள் யோசித்தேன். தொழில்? டைப் அடிப்பதும் ஒரு தொழில், அப்படிப் போட்டால் அந்த ஆள் மூன்று வருஷம் எங்குமே டைப் அடிக்க முடியாது. வியாபாரம்? குமாஸ்தா வியாபாரம் செய்கிறவன் இல்லையே. கடைசியில் ‘இத்துறையில்’ என்று எழுதினேன். கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர் அடிக்கடி சொல்லுவார், அந்தத் துறை, இந்தத் துறை என்று. எழுதிப் பார்த்தபோது அழகாக இருந்தது.

மறுநாள் அந்தக் காகிதத்தையே என் முன்னால் வைத்து, “இங்கன ஒரு கையெழுத்துப் போடும்மா” என்றார்கள்.

எனக்குத்தான் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தளர்த்தி எழுதியிருப்பேன்.

அப்படியானால் — காதிர் முதலாளியிடம் போக முடியாது. நிலாவரைத் துறை. மூன்று வருஷம். அதற்குள் அய்யா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார். சின்னம்மை ஏற்கனவே ஒரு கம்பவுண்டரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டால் எதுவும் செல்லுமா? ‘நான் மூன்று வருஷம் மூச்சு விடமாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும்?

ஜூன் 26, புதன்

ஆபீஸ் அலமாரியில், கப்பல் அட்டவணைகளுக்கு அடியில், காண்ட்ராக்ட் சட்டப் புத்தகம் இருக்கிறது. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் எடுத்தேன். பூச்சி பாதி தின்றிருந்தது, நல்லவேளை எனக்கு வேண்டிய பாதியை விட்டுவைத்திருந்தது.

இருபத்தேழாம் பிரிவு. தமிழில் சொன்னால் இப்படி: சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையோ வியாபாரத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் எதுவும், அந்த அளவுக்குச் செல்லாது.

இரண்டு தடவை படித்தேன். எதுவும் என்றா போட்டிருக்கிறது? ஆம், எதுவும். ஒரே ஒரு விலக்கு: கடையை அதன் நல்ல பெயரோடு சேர்த்து விற்றவன், வாங்கியவனுக்குப் பக்கத்திலேயே மறுபடி கடை போடக்கூடாது என்று ஒப்பந்தம் செய்யலாம். நான் எதையும் விற்கவில்லை.

‘அந்த அளவுக்கு’ — இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முழுக் காகிதமும் செல்லாது என்று சொல்லவில்லை. எந்த அளவுக்கு? எதுவரை? அந்த அளவுக்கு அப்பால் மிச்சமிருப்பது என்ன?

சொரிமுத்து சார் செருப்புச் சத்தம். புத்தகத்தை வைத்துவிட்டேன், ஆனால் தலைகீழாக.

ஜூலை 3, புதன்

கப்பல்காரன் விவகாரமாக வக்கீல் ஒருவர் வந்தார். அண்ணாச்சி வரத் தாமதம். அறையில் அவரும் நானும்தான். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

“சார், ஒரு சிநேகிதிக்காக ஒரு விஷயம் கேக்கணும்.”

முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலையைத் துடைத்தார்.

“வேலையில இருக்கப்பவே போட்டிக்காரனுக்கு வேல பாக்கக்கூடாதுன்னா, அது செல்லும். விட்ட பொறவும் கூடாதுன்னு எழுதுனா செல்லாது. மூணு வருஷமானாலும் சரி, மூணு நாளானாலும் சரி. ஆனா அந்தக் கம்பெனி ரகசியத்தைக் கொண்டுபோய் வித்தா, அது வேற வழக்கு.”

“அப்ப அவ போகலாமா சார்?”

“போகலாம். அவன் கோர்ட்டுக்குப் போனா ஜெயிக்கமாட்டான். ஆனா வழக்கு முடிய எப்படியும் மூணு வருஷம் ஆகும். ஷரத்தும் மூணு வருஷந்தான?” சிரித்தார். பிறகு என் மெஷினைப் பார்த்து, “ஒஞ் சிநேகிதி டைப் அடிப்பாளோ?” என்றார்.

நான் ரிப்பனை மாற்ற ஆரம்பித்தேன். ரிப்பன் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 4, வியாழன்

செல்லாத காசும் பெட்டியில் கிடக்கும்போது காசு மாதிரிதான் இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு. நாசரேத்

காலை ஆராதனை முடிந்து அய்யாவும் நானும் காயல்பட்டினத்துக்கு ரயிலேறினோம். அய்யா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பனையேறி வந்த மார்புத் தழும்பை மறைக்கப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டியிருந்தார். வழியெல்லாம் ஒரே கேள்வி: “கையெழுத்துப் போட்டுட்டுப் போறது சரியாம்மா?” நான் இருபத்தேழாம் பிரிவைச் சொன்னேன். “சட்டம் சரி. அந்த மனுசன் உனக்கு மொத மொதல்ல வேல குடுத்தவருல்லா?” என்றார். அதற்கு எந்தப் பிரிவும் எனக்குத் தெரியவில்லை.

காதிர் முதலாளி அய்யாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் தானும் உட்கார்ந்தார். அவருடைய மகன் ஹாமிது பக்கத்தில் நின்றார். ஒப்பந்தத்தைப் பற்றி நானே சொன்னேன். சொல்லிவிட்டு, செல்லாது என்பதையும் சொன்னேன்.

“செல்லாதுன்னு எனக்கும் தெரியும்,” என்றார் முதலாளி. “ஆனா புள்ளே, நானும் அண்ணாச்சியும் ஒரே கப்பல்ல சரக்குப் போடுதோம். அவர் ஆள நான் இழுத்தேன்னு ஆவக்கூடாது. அவர் வாயால போன்னு சொல்லட்டும். மறுநாளே வா.”

ஹாமிது சொன்னார், “வாப்பா, அவங்க எதுக்குப் போகச் சொல்லுவாங்க?”

“அது இந்தப் புள்ள பாடு.”

ஆக, கோர்ட்டில் செல்லாது. கடைத்தெருவில் செல்கிறது. சட்டம் எழுதினவர்களுக்கு இது தெரிந்திருக்குமா? அவர்கள் எல்லாரும் வழக்குக்கு வருகிறவர்களை மட்டும்தானே பார்த்திருப்பார்கள்? அண்ணாச்சியிடம் பேசவே பயந்து பேசாமல் இருக்கிறவளை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

ஜூலை 17, புதன்

இன்று சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

தபால்காரர்கள் வேலைநிறுத்தம். கடிதம் இல்லை, தந்தி இல்லை. காய்கறி இல்லாத வாரம். அண்ணாச்சிக்கு எதற்கெடுத்தாலும் கோபம். இன்றும் சொல்லவில்லை. காரணம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன் — வெட்கம்.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். தெருவெல்லாம் ஜனம். பிலோமி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நெருக்கடியில் என் காதில் கத்தினாள்: “நா மாதாகிட்ட ஒனக்காகக் கேட்டுட்டேன். ஆனா மாதா காசிலிங்கத்துகிட்ட வந்து பேசமாட்டா. அத நீதாம் பேசணும்!”

முன்னால் நின்ற கிழவர் திரும்பி, “எந்தக் காசிலிங்கம்?” என்றார். ஊர் முழுக்கத் தெரிந்துவிடுவதற்குள் நானே சொல்லிவிடவேண்டும்.

ஜூலை 30, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், எது உண்மையில் நடந்தது என்று எனக்கே இன்னும் தெளியவில்லை.

அண்ணாச்சி விபூதி பூசி உட்கார்ந்த நேரம். சொரிமுத்து சார் பக்கத்தில். நான் போய் நின்று, வேலையை விடுகிறேன், ஒரு மாச நோட்டீஸ், காயல்பட்டினத்துக் கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். ஒரே மூச்சில். நடுவில் நிறுத்தினால் தொடரமாட்டேன் என்று தெரியும்.

அண்ணாச்சி சொரிமுத்து சாரைப் பார்த்தார்.

சொரிமுத்து சார்தான், “கையெழுத்துப் போட்டிருக்கியே” என்றார்.

“அது செல்லாது சார். காண்ட்ராக்ட் சட்டம், இருபத்தேழாம் பிரிவு.”

“எங்கன படிச்ச?” என்று அண்ணாச்சி.

“இங்கதான். அலமாரில.”

“என் அலமாரில, எம் புஸ்தகத்த, எஞ் சம்பளத்துல உக்காந்து படிச்சிருக்க.”

“மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அண்ணாச்சி.”

ஏன் அப்படிச் சொன்னேன்! திமிராக ஒலித்திருக்கும். சொரிமுத்து சார் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரோ என்னவோ.

“சட்டத்தக் காட்டி வேலைய விட்டுப் போறவ எனக்குத் தேவையில்ல,” என்றார் அண்ணாச்சி. “ஆனா எம் முன்னால வச்சு சட்டம் பேசுனவள, அந்தக் காயல்காரர் எடுத்துட்டாருன்னு நாளைக்குக் கடைத்தெரு பேசும். கொண்டா லே சொரிமுத்து அந்தக் காகிதத்த.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நான் எழுதிய எழுத்துக்களை அந்த விரல் தாண்டித் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘இத்துறையில்’ வந்ததும் விரல் நின்றது.

“இத்துறையில். எந்தத் துறை சொரிமுத்து?”

“வியாபாரத் துறை அண்ணாச்சி. இங்கிலீஷ்ல லைனுன்னு—”

“இங்கிலீஷ்ல என்னமும் இருக்கட்டும். நாங் கையெழுத்துப் போட்டது தமிழ்ல. இத்துறைன்னா இந்தத் துறை. இதா, சன்னலத் தெறந்தா தெரியுதுல்லா, கப்பல் நிக்கி, தோணி நிக்கி. தூத்துக்குடித் துறை. காயல் வேற துறை. நேத்து இன்னைக்கா? எங்க தாத்தா காலத்துலயே அது வேற துறை.” காகிதத்தை மடித்தார். “இந்த ஊர்ல எவங்கிட்டயும் சேரக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. இந்தப் பிள்ள இங்கன எவங்கிட்டயும் சேரல. பொறவு என்ன?”

அவர் உண்மையிலேயே முதல் நாளிலிருந்து அப்படித்தான் வாசித்திருந்தாரா? துறை என்றால் தோணி வந்து நிற்கும் இடம் என்பதைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தோன்றாமலே இருந்ததா? அப்படியானால் இத்தனை நாள் நான் பயந்தது, நானே எழுதிய சொல்லுக்கு நானே கொடுத்த அர்த்தத்துக்கு. இல்லை, இந்த நிமிஷத்தில்தான், எனக்கும் தனக்கும் காதிர் முதலாளிக்கும் சேர்த்து ஒரு வழி பண்ணினாரா? முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் சன்னல் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

நான் திரும்பும்போது கூப்பிட்டார். “காகிதம் போகட்டும். காய்கறி எல்லாம் உந் தலைக்குள்ள இருக்கே. அத எங்கன இறக்கிவச்சிட்டுப் போவ?”

இதற்கு நான் தயாராக வரவில்லை. டைப் வேகம் என்னுடையது. கடிதத்தில் சூடு போடத் தெரிந்தது என்னுடையது, இங்கே கற்றதானாலும். காய்கறி என்னுடையது இல்லை. ‘அந்த அளவுக்கு’ என்பது இங்கேதான் வந்து நிற்கிறது போல.

“அது அண்ணாச்சியோடதுதான்,” என்றேன்.

“எழுதி வாங்கிருவோமா?” என்றார் சொரிமுத்து சார்.

“எழுதி வாங்குன லட்சணத்ததான் இப்பம் பாத்தியே,” என்றார் அண்ணாச்சி.

ஆகஸ்ட் 31, சனி

கடைசி நாள். என் இடத்துக்கு வருகிற பையனுக்கு இன்னும் காய்கறியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. “நீ போனதும் எல்லாத்தையும் மாத்திருவாக. புதுசு வந்த பொறவு அவன் படிக்கட்டும்,” என்றார் சொரிமுத்து சார். நியாயம்தான். நானாக இருந்தாலும் மாற்றுவேன். ஆனாலும் தெருவுக்கு வந்தபிறகு ஆபீஸ் சன்னலைத் திரும்பிப் பார்த்தேன். நான் என்ன திருடியா?

பிலோமி ஒரு பொட்டலம் மக்ரூன் கட்டித் தந்தாள். “ரயில்ல திங்காத. அய்யாவுக்குக் குடு.” ரயிலில் பாதியைத் தின்றுவிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள். நாசரேத்

காயல்பட்டினத்தில் முதல் நாள். நோன்புப் பெருநாள் முடிந்த ஊர், ஆபீஸ் மேசையில் இன்னும் பலகாரத் தட்டு. ஹாமிது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். அச்சடித்தது. வாசித்தேன். வேலையை விட்டபின் ஐந்து வருஷம்!

“இது செல்லாதுங்க,” என்றேன்.

“செல்லாதுன்னா கையெழுத்துப் போட என்ன பயம்?”

“செல்லாததுக்கு எதுக்குங்க கையெழுத்து?”

உள்ளேயிருந்து முதலாளி குரல்: “ஏலே ஹாமிது, வச்சிரு அத. அந்தப் புள்ளகிட்ட முடியாது.”

ஒரு நாளில் இவ்வளவு பேசிவிட்டேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தேன். உடம்புக்கு என்னவோ என்று அய்யா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நல்ல கடிதம் ஒன்று எழுதினேன். ‘செய்கு அப்துல் காதிர்’ என்று கீழே முதலாளி கையெழுத்து, மேலே முழுக்க நான்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று ஹாமிது நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். இது வழக்கமில்லை.

கொழும்பிலிருக்கும் அவர்கள் ஆள் கடிதம் போட்டிருக்கிறான். காசிலிங்கம் அண்ணாச்சியின் ஏஜெண்டுக்குப் போன வாரம் தூத்துக்குடியிலிருந்து தந்தி வந்ததாம். அந்தக் கடைப் பையனிடம் பேச்சுக் கொடுத்து, தந்தியைப் பார்த்துவிட்டான். இரண்டே சொல். அதிலே ஒன்றை ஹாமிது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார். PUDALAI.

“இதுக்கு என்ன அர்த்தம்?”

அர்த்தம் உடனே தலையில் வந்து நின்றுவிட்டது, வராதே என்றால் நிற்குமா? தெரிந்தால் இந்தக் கம்பெனிக்கு எவ்வளவு உதவும் என்பதும் கூடவே வந்தது. இந்த வேலையும் போகுமோ என்பது அதற்குப் பின்னால்.

“புடலைன்னா ஒரு காய்ங்க,” என்றேன்.

“காய்னு எனக்குத் தெரியாதா?”

“பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம்.”

அவர் முகம் சிவந்தது. “இப்பம் நீங்க இங்கதான சம்பளம் வாங்குதிய?”

“ஆமாங்க. நாளைக்கு நான் இங்கேருந்து வேற எங்கயாவது போனா, உங்க சொல்லுக்கும் யாராவது அர்த்தம் கேப்பாங்க.”

அவர் எழுந்து உள்ளே போனார். முதலாளியிடம் ஏதோ சொல்வது கேட்டது. நான் கடிதத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முதலாளி சிரிக்கும் சத்தம், அப்புறம், “பருப்புப் போட்டா? அப்பிடியா சொல்லுச்சு?”

சாயங்காலம் கிளம்பும்போது ஹாமிது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நம் கம்பெனித் தந்திக்கும் இதுமாதிரி சொற்கள் வேண்டுமாம், நாளைக்கு நான் எழுதித் தரவேண்டுமாம். மீன் பெயராக வைக்கலாம் என்று நினைக்கிறேன். வாவல், சீலா, நெத்திலி.

ரயில் ஆறுமுகநேரி தாண்டிய பிறகுதான் அது உறைத்தது. போன வாரத் தந்தியிலும் அதே காய். நான் வந்த மறுநாளே எல்லாவற்றையும் மாற்றியிருப்பார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அண்ணாச்சிக்குப் புடலை இன்னும் புடலைதான்.